பத்தாயிரம் வாலாவும் பதினாறு ஓம்ஸும்

எங்கள் பக்கத்தில் காது வலித்தால்தான் அது சத்தம். இதமாக ஏதாவது கேட்டால், "என்ன, மைக்செட் ரிப்பேரா?" என்று விசாரிக்க வந்துவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, இழவு, இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றுகிற பந்தல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான். பெட்டி கிழிகிற அளவு. விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் பஸ்ஸில் வந்து பாருங்கள், வழிநெடுக யாரோ ஒருவர் ஊரைச் செவிடாக்குகிற வேலையில் மும்முரமாக இருப்பார். வருசம் முழுக்க வெடி செய்கிற ஜனங்களுக்குக் கொஞ்சம் அமைதி பிடிக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஆமத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன்.

இந்த ஜனங்களுக்கு நடுவே நான் ஒரு வால்வு ஆம்ப் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன். என் கொழுப்பு, வேறென்ன. நான் நர்ஸ், கிடார் வாசிப்பேன். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வருசங்களில் என்னோடு இருந்தவர்கள் நகையாக வாங்கிக் குவித்தார்கள். நான் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதில் ஒரு கிடார் ஆம்ப்ளிபயரும், அதற்கேற்ற ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கினேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறி, அடுப்புக் கங்கு மாதிரி மெல்லத் தெரியும் பழைய ரகம். என் சம்பாத்தியத்தில் எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள் அது. வீடு, மோட்டார், நாத்தனார் சீர் எல்லாம் மற்றவர்களுக்கு. இந்தக் குடும்பம் இன்றைக்கு வரைக்கும் எனக்கு மன்னிக்காத குற்றமும் அதுதான். "அந்தப் பெட்டிக்கு ஒரு சங்கிலி வாங்கியிருக்கலாம்" என்று சொல்லாத வாய் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த ஆம்பின் முதுகில் ஒரு திருகு உண்டு. நான்கு, எட்டு, பதினாறு என்று மூன்று எண்கள் போட்டிருக்கும். பெட்டியின் முதுகில் அதற்கு எத்தனை ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். பெட்டியில் உள்ள எண்ணுக்குத் திருகை வைக்க வேண்டும், விசயம் அவ்வளவுதான். ஓம்ஸ் என்பது பெட்டி காட்டுகிற எதிர்ப்பு. எதிர்ப்புக் குறையக் குறைய ஆம்பிலிருந்து இழுக்கிற கரண்டு கூடும். ஒன்றின் வாலில் ஒன்றாகப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டே போனால் மொத்த எதிர்ப்பு இறங்கிக்கொண்டே போகும். ஒரு தொட்டியில் ஒரு குழாய்க்குப் பதில் மூன்று குழாயைத் திறந்துவிட்ட கதைதான். தொட்டி வற்றும். ஆம்ப் என்றால் வால்வு சிவந்து, உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் வெந்து போகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியும். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டிக்குப் புரியாது.

என் கணவருக்குப் புரியும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அவரை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன் அவர். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் காலண்டர் சாமிக்கு இரண்டு மூக்கு விழும். அந்த மெஷினில் முதலாளியே வந்து ஒரு திருகைத் தொட்டாலும், "தொடாதீக, ஆர்டர் கெட்டுரும்" என்று கையைத் தட்டிவிடுவார் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மெஷின் பக்கத்தில் சிங்கம். அண்ணன் பக்கத்தில் என்ன என்று இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள்.

அவருடைய அண்ணன் நாரணாபுரத்துப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். சபைக் கமிட்டியில் செயலர். கோயில் மைக்செட்டை அவர்தான் காணிக்கையாகக் கொடுத்தார். ஆகவே கடவுளின் சத்தம் அவர் கைக்குள் என்று ஒரு நினைப்பு. பிரசங்கம் நடக்கிறபோது எழுந்து போய் வால்யூமைக் கூட்டிவிட்டு வந்து உட்காருவார். அதைப் பார்த்துப் போதகர் தலையாட்டுவார். கேவலம்.

போன வருசம், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நான் கிடார் வாசிக்கலாம் என்று போதகர் அனுமதி கொடுத்தார். அதற்கு முன்னால் எங்கள் கோயிலில் கீபோர்டு மட்டும்தான். கிடார் சினிமாக்காரன் சமாச்சாரமாம். கீபோர்டில் டிஸ்கோ தாளம் போட்டால் அது பரிசுத்தமாகிவிடும் போல. "இந்தத் தடவை வாசிங்கம்மா, ஒரு குறையும் வராமப் பாத்துக்கிடுங்க, கமிட்டியில பேச்சு வந்தா என்னால தாங்க முடியாது" என்றார் போதகர். அவரால் எதைத்தான் தாங்க முடிந்தது? ஆனாலும் எனக்குச் சந்தோசம். அந்த ஆம்பை நாலு சுவருக்குள் வாசித்து வாசித்து அலுத்திருந்தேன். ஒரு முறையாவது உயரமான கூரைக்குக் கீழே அது எப்படிக் கேட்கும் என்று தெரிய வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் ஆம்பைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தோம். திருகைப் பதினாறில் வைத்து, என் பதினாறு ஓம்ஸ் பெட்டியை மாட்டி, இரண்டு வரி வாசித்தேன். அம்மாடி! அந்தக் கூரை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்த விதம்! கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தார்.

"ஏம்மா, ஒத்தப் பெட்டியத்தான் வச்சிருக்கியா? வெளிய அசனத்துக்கு அண்டா வைக்குற எடம் வரைக்கும் கேக்க வேண்டாமா?" என்றார். பண்டிகை ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஊருக்கெல்லாம் கறிச்சோறு போடுவோம், அதற்கு அசனம் என்று பேர்.

"கோயிலுக்குள்ள கேட்டாப் போதும் அத்தான்." புருசனின் அண்ணனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உள்ள மட்டும் கேக்குறதுக்கா மஸ்கட்டுல இருந்து சொமந்துட்டு வந்தே? என்கிட்ட ரெண்டு பெட்டி சும்மா கெடக்கு. உன் பெட்டி வால்ல அதக் கோத்து, சன்னல் வழியா வெளிய விட்ருவோம். சரம் கட்டுற மாதிரிதான்."

"வேண்டாம் அத்தான். என் பெட்டி பதினாறு ஓம்ஸ். உங்களுது எட்டெட்டு. மூணையும் கோத்தா மூணு ஓம்ஸ்தான் தேறும். ஆம்பு தாங்காது, வெந்துரும்."

"ஓம்ஸாவது கீம்ஸாவது!" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. பத்தாயிரம் வாலா சரத்தப் பத்தவைக்க எத்தன தீக்குச்சி வேணும்?"

"ஒண்ணு."

"அம்புட்டுதான! ஒத்தத் தீக்குச்சி பத்தாயிரம் வெடியப் போடுது. இம்புட்டுப் பெரிய ஆம்பு மூணு பெட்டியப் போடாதா?"

சுற்றி நின்ற பாடகர் குழு ஆண்பிள்ளைகள் கைதட்டாத குறை. ஒருவர், "அண்ணாச்சி பாயிண்டப் பிடிச்சுட்டாக" என்றார். எங்கள் பக்கத்தில் எதையும் சரத்தை வைத்து விளக்கினால் அது நிரூபணம் ஆகிவிடும்.

"வெடிக்கு வெடி உள்ளயே மருந்து இருக்கு அத்தான்" என்றேன். "தீக்குச்சி எழுப்பிவிடுறதோட சரி. ஒங்க பெட்டிக்குள்ள என்ன மருந்து இருக்கு? அது திங்குறது பூராவும் ஆம்பு கிட்ட இருந்துதான்."

"நர்ஸம்மா எனக்கு மருந்தப் பத்திச் சொல்லித் தருது பாரேன்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை, "அவ சொல்றது சரிதாண்ணே" என்று சொன்னால் போதும். அவர் கையில் சுருட்டி வைத்திருந்த ஒயரை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து சுருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆஸ்பத்திரிப் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, என் பெட்டியில் காலியாக இருந்த இரண்டாவது துளையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். வேறு பெட்டி கோப்பதென்றால் அந்தத் துளையில்தான் கோக்க வேண்டும். திருகின் மேலும் ஒரு துண்டு ஒட்டினேன். நான் ஒட்டிய பிளாஸ்திரியை நோயாளிகளே உரிக்க முடியாமல் அழுவார்கள். அந்த நம்பிக்கையில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆராதனைக்கு முன் பாடகர் குழு உள்ளறையில் ஜெபத்துக்குக் கூடினோம். என் கணவர் பாட மாட்டார், சாமான்களுக்குக் காவலாக ஆம்ப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். ஜெபம் முடிந்து வந்து கிடாரை மாட்டிக்கொண்டேன். பெட்டியின் முதுகு சுவரைப் பார்த்து இருந்தது. அங்கே என்ன மாட்டியிருக்கிறது என்று முன்னால் நின்றால் தெரியாது.

முதல் பாட்டில் கையை வைத்ததுமே சத்தம் வெளியிலிருந்தும் வந்தது. சன்னலுக்கு அப்பால், அண்டாவுக்குப் பக்கத்தில், என் கிடார்! அண்ணன் வாசலில் நின்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தானே வாசிக்கிற மாதிரி சிரித்தார். நானோ ஊரே எழுந்து நின்று பாடுகிறபோது நடுவில் நிறுத்த முடியாமல் நின்றேன். சத்தத்தைக் குறைக்கலாம் என்று திரும்பினேன். கங்கு மாதிரி இருக்க வேண்டிய வால்வுகள் உள்ளே இருக்கிற தகடு வரைக்கும் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தன. கை எட்டுவதற்குள் கருகல் வாடை அடித்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு வாடை வந்தால் போதும், என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். ஒரு கூச்சல் இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. பாட்டு அறுந்த இடத்தில் அறுந்தது. பக்கத்துப் பிள்ளையை யாருடையது என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டார்கள், கிழவிகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள், நான் சுவரில் பிளக்கைப் பிடுங்கித் திரும்புவதற்குள் கோயில் காலி. எல்லாரும் தூரத்தில் வேலிக்கருவைகளுக்கு அப்பால் நின்று அவரவர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அந்தச் சபையை நான் மதித்தது அந்த ஒரு தடவைதான். எல்லாருக்கும் முன்னால், வேலியைத் தாண்டி ரோட்டிலேயே நின்றவர் எங்கள் செயலர்.

பிறகு என்ன, திரும்பி வந்தார்கள், கீபோர்டு டிஸ்கோ போட்டது, கறிச்சோறு சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் கமிட்டி கூடி, பாரின் சாமான் நம்ம ஊர்க் கரண்டுக்குத் தாங்காது என்று கண்டுபிடித்தது. இனிமேல் ஆராதனையில் கிடார் வேண்டாம் என்று முடிவு. தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதகர் தலையாட்டியிருப்பார்.

பண்டிகையன்று மத்தியானம் வீட்டில் ஆம்பைக் கவிழ்த்துப்போட்டுத் திறந்தேன். டிரான்ஸ்பார்மர் வெந்து, உள்ளிருந்து தார் மாதிரி வழிந்திருந்தது. பியூஸ் இருக்கிற இடத்தைக் கழற்றினால், பியூஸைச் சுற்றிச் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. அதாவது ஆம்ப் முதலிலேயே "என்னால முடியாது" என்று பியூஸை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை மதிக்காமல் கம்பியைச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் நான் ஒட்டிய பிளாஸ்திரி பந்து மாதிரி உருண்டு கிடந்ததை எடுத்து வந்திருந்தேன். அதை என் கணவர் முன்னால் வைத்தேன்.

"காவலுக்குத்தான உங்கள விட்டுட்டுப் போனேன். என்ன நடந்துச்சு?"

"அண்ணன் வந்தாரு."

"வந்து?"

"பெட்டியக் கோக்கணும்னாரு. கோத்ததும் பியூஸ் போயிருச்சு. கம்பி சுத்துனாரு. பின்னால இருட்டா இருந்துச்சுன்னு லைட்டு கேட்டாரு."

"நீங்க செல்போன் லைட்ட அடிச்சீக."

தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு ஓம்ஸ்னா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு? பிளாஸ்திரிய யாரு உரிச்சது?"

அவர் அந்தப் பிளாஸ்திரி உருண்டையை எடுத்து விரலால் நசுக்கினார். நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் கையெல்லாம் எண்ணெய். நகம் புடிக்கல. என்னைய உரிக்கச் சொன்னாரு" என்றார். "அண்ணன்கிட்ட எப்பிடிம்மா மாட்டேம்னு சொல்ல? அப்பா போனதுக்குப் பெறகு அவருதான என்னையப் படிக்க வச்சாரு."

எனக்கு வந்த அருவருப்பை எழுதத் தெரியவில்லை. அண்ணன் முட்டாள், சரி, முட்டாள் சுவரில் முட்டத்தான் செய்வான். இவர் தெரிந்தவர். வேகும் என்று தெரிந்து, விளக்குப் பிடித்து, நான் ஒட்டியதைத் தன் நகத்தாலேயே உரித்துக் கொடுத்திருக்கிறார். முதலாளி கையைத் தட்டிவிடுகிற சிங்கம்! "அண்ணன் படிக்க வச்சதுக்கு ஒங்க பொருளக் குடுங்க, என் பொருள எதுக்குக் குடுத்தீக?" என்றேன். அதற்குப் பிறகு பல நாள் அவரோடு சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும்தான் பேசினேன்.

ஆம்ப் கோயம்புத்தூருக்குப் போய், டிரான்ஸ்பார்மர் புதிதாகச் சுற்றி, வால்வு மாற்றி, ஒருவழியாகத் திரும்பி வந்தது. சத்தம் பழையபடி இல்லை, கொஞ்சம் கரகரப்பு. நோய் கண்டு எழுந்த உடம்பு அப்படித்தான் இருக்கும். அதற்குள் போதகர் மாற்றலாகிப் புதியவர் வந்திருந்தார். இளையவர். ஒரு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் போகிறபோது நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "பண்டிகைக்கு வாசிங்கக்கா, கமிட்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பார்த்தும் கொண்டார். உலகத்தில் அபூர்வமாக இப்படியும் ஆள் உண்டு.

இதற்கிடையே அண்ணன் ஓம்ஸ் நிபுணர் ஆகியிருந்தார். யார் வீட்டுக் கல்யாணத்திலாவது மைக்செட் கட்டினால் முன்னால் போய் நின்று, "ஏலே, ஓம்ஸப் பாத்து மாட்டுங்கலே. ஓம்ஸ் தெரியாம மாட்டித்தான் எங்க வீட்ல ஒரு ஆம்பே எரிஞ்சு போச்சு" என்று ஊருக்குப் புத்தி சொல்வார். என் காதுபடவே சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்பு வேண்டுமே! அப்படி ஒரு தோல் எனக்கிருந்தால் நானும் கமிட்டிக்கு நின்றிருப்பேன்.

இந்த வருசப் பண்டிகைக்கு விடியற்காலமே கோயிலுக்குப் போய்விட்டோம். என் கணவர் ஆம்பைத் தூக்கி வந்து, பெட்டி மேல் வைத்து, ஓரமாக நின்றுகொண்டார். நான் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது வெளியே வேன் நிற்கிற சத்தம். அண்ணன் நாலு பெட்டி இறக்கினார். நாலு!

"பயப்படாதம்மா" என்று உள்ளே வந்தார். "இந்தத் தடவ ஓம்ஸ் பாத்துதான் எடுத்துட்டு வந்திருக்கேன். ஒண்ணு எட்டு. எட்டு நாலு முப்பத்திரண்டு. ஒனக்குப் பதினாறுதான வேணும்? டபுளாவே இருக்கு. சேப்டி."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கோக்கக் கோக்க இறங்குகிற எண்ணைக் கறிக்கடைக் கணக்காகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாலையும் மாட்டினால் இரண்டுகூடத் தேறாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒயர் நுனியைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்து கையை நீட்டினார். என் உயிர் அந்தத் துளையில் போய் நின்றது.

"அண்ணே, கைய எடுங்க."

என் கணவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மெஷின் பக்கத்தில் முதலாளியிடம் சொல்கிற குரலாக இருந்திருக்கும், நான் கேட்டதில்லை.

அண்ணன் கையை எடுத்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "சரிலே, எதுக்கு இப்பம் கோவப்படுதே, வேண்டாம்னா வேண்டாம்" என்றார். ஒயரைச் சுருட்டி வேனில் போட்டுவிட்டு, கறி வெட்டி முடித்தாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

இடி விழவில்லை, கூரை சரியவில்லை, அண்ணன் தம்பி உறவு அறவில்லை. இவ்வளவு லேசாகவா இருந்தது அது? போன வருசம் இதைச் சொல்ல வாய்க்கு என்ன வந்தது? என் கிடார் அந்தக் கூரைக்குக் கீழே முதல் முறையாகக் கேட்ட அழகைத் தின்றுவிட்டு, டிரான்ஸ்பார்மரையும் தின்றுவிட்டு, அப்புறம்தான் இவருக்கு நாக்கு முளைத்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகை என்று யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பரிசு வாங்க மேடை ஏறிய பிள்ளை மாதிரி. நான் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"லைட்ட அடிங்க" என்றேன்.

செல்போனை எடுத்து வெளிச்சம் காட்டினார். திருகு பதினாறில் இருந்தது. என் பெட்டியின் ஒயரைச் செருகி, காலியாக இருந்த துளையின் மேல் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். மேலே வெளிச்சம் நடுங்கியது.

"அதான் சொல்லிட்டேன்ல," என்றார் மெதுவாக. "அண்ணன் இனிமே தொட மாட்டாரு. இன்னும் எதுக்கும்மா இது?"

"போன தடவையும் ஒட்டித்தான் இருந்துச்சு" என்றேன். "ஆடாமப் பிடிங்க."